கரும்பலகையின் வலது மூலை

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புக் கரும்பலகையின் வலது மூலையில் ஒரு கட்டம் இருந்தது. சாக்பீஸால் கோடு கிழித்துப் பிரித்த, ஒரு முழம் அகலக் கட்டம். தலைப்பு ‘பேசியவர்கள்’. ஆசிரியர் வெளியே போனதும் வகுப்பு லீடர் எழுந்து வந்து எழுத ஆரம்பிப்பான். பேசினால் பெயர். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதையும் தாண்டினால் ‘மி.அ.’, அதாவது மிக அதிகம். அதற்கும் அடங்காதவனுக்கு ‘மி.மி.அ.’ அரசுப் பள்ளியில் படித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நானும் படிக்கிற காலத்தில் அப்படி ஒரு கட்டத்துக்குள் இருந்தவள்தான். இரண்டு முறை. இரண்டுமே அநியாயம்.

நான் இப்போது வேலை பார்க்கும் பள்ளி, மதுரைப் பக்கம் செக்கானூரணி தாண்டி, உசிலம்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே பிரிந்து போகும் ஓர் ஊரில் இருக்கிறது. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, ஒன்றிலிருந்து எட்டு வரை. ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் நான்தான் தமிழ். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, செக்கானூரணியில் இறங்கி, வேறு பஸ் பிடிக்க வேண்டும். 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் மாதம் கொஞ்சம் பணம் மிச்சமாகிறது. அதில் ஒரு பகுதி மிட்டாய்க்குப் போன கதை பின்னால் வரும்.

நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வகுப்பிலேயே இருக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து பார்க்கட்டும். எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் வருகை ஏற்ற வேண்டும், விலையில்லா நோட்டுக் கணக்கு முடிக்க வேண்டும், எச்.எம். கூப்பிடுவார், யாருக்காவது மூக்கில் ரத்தம் வரும். அந்த நேரமெல்லாம் வகுப்பைக் காத்தது அந்தக் கட்டம்தான். திரும்பி வந்ததும் முதலில் நான் பார்ப்பது மூலையைத்தான். பெயர் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். பிறகு வசவு.

அதற்குள் ஒரு சந்தை நடந்தது எனக்குப் பல வருடம் தெரியாது. பெயரை அழிக்க ஒரு தேன்மிட்டாய். பெருக்கல் குறியை மட்டும் எடுக்க மாங்காய்க் கீற்று ஒன்று, உப்பு மிளகாய்த்தூளோடு. ‘மி.அ.’வை அழிப்பதற்குப் பேனா ரீஃபில் வரை போயிருக்கிறது. கொடுக்க ஒன்றும் இல்லாதவன் பெயர் மட்டும் கடைசி வரை நிற்கும்.

ஒரு நாள் எச்.எம். அறையிலிருந்து திரும்பி வந்தேன். கட்டத்தில் ஐந்து பெயர். முதல் பெயர் வழக்கமான ஆளுடையது. பக்கத்தில் மூன்று பெருக்கல் குறி, அதற்குப் பக்கத்தில் ‘மி.அ.’ பலகையைப் பார்த்தபடியே அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை கத்தினேன். முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: “டீச்சர், அவன் இன்னைக்கு வரவே இல்ல.”

லீடரைப் பார்த்தேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை. “வந்திருந்தாப் பேசியிருப்பான்ல டீச்சர்.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஒரு பெரியவர் கீழே நின்றபடியே ஜன்னல் வழியாக சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். அதைப் பார்த்ததும்தான் சுருக்கென்றது. அந்தப் பையன் பெயருக்கு நாங்கள் அப்படித்தான் துண்டு போட்டு வைத்திருக்கிறோம். அவன் வந்தாலும் வராவிட்டாலும் அந்த இடம் அவனுக்கு. லீடரைச் சொல்லிக் குற்றமில்லை. நானே பதிவேட்டைப் பார்க்காமல் கத்தினவள்.

அடுத்த வாரம் ஒரு காரியம் செய்தேன். மேசை டிராயரில் இரண்டு டப்பா, பக்கத்தில் ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. ஏழாம் வகுப்பில் ஒரு பாடவேளை முழுக்க, யாரையாவது வைதால், அதட்டினால், பெயர் சொல்லிக் கூப்பிட்டு முறைத்தால் முதல் டப்பாவில் ஒரு கொட்டை. நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் இரண்டாவதில் ஒன்று. பாடம் முடிந்து எண்ணிப் பார்த்தேன். முதல் டப்பாவில் 26. இரண்டாவதில் 3. அந்த மூன்றில் ஒன்று வருகைப் பதிவேட்டை எடுத்து வந்த பெண்ணுக்கு. ஒன்று பலகையைத் துடைத்தவளுக்கு. இன்னொன்று சத்தம் போடாமல் இருந்த ஒரு பையனுக்கு. அவன் தூங்கிக்கொண்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது. 26-இல் பெரும்பகுதி மூன்றே மூன்று பேருக்குப் போயிருந்தது. வகுப்பில் 38 பேர். மீதிப் பேரில் பெரும்பாலோர் பெயரை அந்தப் பாடவேளையில் நான் உச்சரிக்கக்கூட இல்லை.

அமெரிக்காவில் மேட்சன், பெக்கர் என்ற ஆய்வாளர்களும் உடன் பணியாற்றியவர்களும் 1968-இல் இதைத்தான் செய்து பார்த்தார்கள். சின்ன வகுப்பு ஒன்றில் ஆசிரியரை, “உட்கார்” என்று வழக்கத்தைவிட அடிக்கடி சொல்லச் சொன்னார்கள். பிள்ளைகள் முன்பைவிட அதிகமாக எழுந்து நின்றார்கள். சொன்ன நொடியில் உட்காருவார்கள்தான், அதனால் ஆசிரியருக்குச் சொன்னது பலித்துவிட்டதாகத் தோன்றும். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்திருப்பார்கள். டீச்சர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றால் எழுந்து நின்றால் போதும் என்று ஆகிவிடுகிறது. இதைப் படித்தபோது என் மூன்று பேரும் நினைவுக்கு வந்தார்கள். ஒரு பாடவேளையில் ஆளுக்கு ஆறேழு முறை என் முழுக் கவனத்தையும் வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள்தான். ஒழுங்காக உட்கார்ந்து எழுதியவளுக்குக் கிடைத்தது பூஜ்யம்.

ஆசிரியர் அறையில் சொன்னேன். மூத்த ஆசிரியர் ஒருவர் சிரித்தார். “அடியாத மாடு படியாதும்மா. பிரம்பு போச்சு, ஒழுக்கமும் கூடப் போச்சு.” அவர் காலத்தில் பெற்றோரே கொண்டுவந்து விட்டுவிட்டு, “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்” என்று சொல்லிப் போவார்கள். இன்றைக்கும் ஒன்றிரண்டு தாத்தாக்கள் சொல்கிறார்கள். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. பிள்ளையை உடலால் தண்டிக்கக் கூடாது, மனத்தாலும் துன்புறுத்தக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. முதல் பாதியை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் பாதியை நானே வசதியாக மறந்திருந்தேன். கை ஓங்கியது இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே, பிள்ளைகளை வெளியே வராண்டாவில் நிற்க வைத்தேன், “உன் தங்கச்சியப் பார், எப்படிப் படிக்கிறா” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

மாட்டைப் பற்றிய அந்தப் பழமொழி ஒரு நாள் வகுப்பிலும் வந்தது. பழமொழிகளுக்கு விளக்கம் எழுதச் சொல்லியிருந்தேன். நம்ம ஆள், அதாவது கட்டத்தின் நிரந்தர முதல் பெயர், கையைத் தூக்கினான். அவன் வீட்டில் ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறார்கள். பள்ளிக்கு வராத அந்த நாளும் சித்தப்பாவோடு காளையை ஓட்டிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். “டீச்சர், இது தப்பு. எங்க மாட்டை நாங்க அடிச்சதே இல்ல. அடிச்சா அது நம்மள நம்பாது. அப்புறம் வாடிவாசல விட்டு வெளிய வந்துச்சுன்னா நம்ம கைக்கு வராது.” வகுப்பு அமைதியாகிவிட்டது. அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான்: பருத்திக்கொட்டை எவ்வளவு ஊற வைப்பது, கண்மாயில் எப்படி நீச்சல் பழக்குவது, மண் குத்தப் பழக்கும்போது ஏன் ஒரே ஆள் கூட நிற்க வேண்டும் என்பதெல்லாம். முழுதாக ஐந்து நிமிடம். ஒரு வருடத்தில் அவன் என் வகுப்பில் உருப்படியாகப் பேசிய முதல் ஐந்து நிமிடம் அது. லீடருக்குக் கை பரபரத்திருக்கும்.

சரி, வசவைக் குறைத்து நல்லதைச் சொல்வோம் என்று முடிவு பண்ணினேன். முடிவு பண்ணுவது எளிது. முதலில் செய்தது எல்லோரும் செய்கிற தப்பு. சார்ட் பேப்பரில் 38 பேர் பெயரும் எழுதி, நல்லது செய்தால் ஒரு ஸ்டார் ஒட்டுவது, பத்து ஸ்டாருக்கு ஒரு மிட்டாய், மாதக் கடைசியில் அதிக ஸ்டார் வாங்கியவருக்கு ஜாமெட்ரி பாக்ஸ். முதல் வாரம் வகுப்பு கோயில் மாதிரி இருந்தது. இரண்டாவது வாரம், கீழே கிடந்த காகிதத்தை எடுத்த ஒருத்தன் நேராக என்னிடம் வந்து, “இதுக்கு எத்தனை ஸ்டார் டீச்சர்?” என்றான். மூன்றாவது வாரம் காகிதத்தை அவர்களே கிழித்துப் போட்டு அவர்களே எடுத்தார்கள். ஒருத்தி கடையில் ஸ்டார் அட்டை வாங்கி வந்து, ஒட்டுவதற்கு ஒரு ரூபாய் என்று விற்றிருக்கிறாள். அந்தப் பெண் வாழ்க்கையில் நன்றாக வருவாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சார்ட்டைக் கழற்றிவிட்டேன்.

இதையும் முன்பே சிலர் செய்து பார்த்திருக்கிறார்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் 1973-இல் வெளியிட்ட ஆய்வு. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சின்னக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாதபோது, அந்தக் குழந்தைகள்தான் ஸ்கெட்ச் பேனாக்களை மற்றவர்களைவிடக் குறைவாகத் தொட்டார்கள். சும்மா செய்துகொண்டிருந்த வேலைக்குக் கூலி பேசியதும் அது கூலி வேலை ஆகிவிட்டது. பரிசே ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். எதிர்பாராமல் கொடுத்தபோது அப்படி ஆகவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. விலைப்பட்டியல் போட்டு முன்கூட்டியே ஒட்டியதுதான் என் தப்பு.

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். மழை வந்த ஒரு மதியம், மாட்டுக்காரப் பையன் யாரும் சொல்லாமல் ஓடிப்போய் சத்துணவு அம்மாவோடு சேர்ந்து முட்டை அட்டைகளை உள்ளே எடுத்து வைத்தான். எனக்குப் பெரிய சந்தோஷம். வகுப்பில் எழுப்பி நிறுத்தி, எல்லோரையும் கை தட்டச் சொன்னேன். அவன் முகம் கறுத்துப் போனது. மறுநாள் பையன்கள் அவனை “டீச்சர் செல்லம்” என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாம் பாடவேளையில் குப்பைக் கூடையை வகுப்பு நடுவில் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எல்லோர் முன்னாலும் கிடைக்கும் கைதட்டல் தேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அதே கைதட்டல் ரோசத்தைக் கிளறிவிடும். அந்த வயதில் டீச்சர் என்ன நினைக்கிறார் என்பதைவிட, பக்கத்து பெஞ்சுக்காரன் என்ன நினைக்கிறான் என்பது பெரிது. ஆறாம் வகுப்பின் முதல் பருவத்துக்கும் ஏழாம் வகுப்பின் கடைசிப் பருவத்துக்கும் நடுவில் எங்கேயோ இது மாறிவிடுகிறது. அதனால்தான் நடுநிலை வகுப்பு கஷ்டம் என்கிறேன். ஒரே அறையில் பாதிப் பேர் குழந்தை, பாதிப் பேர் பெரிய மனுஷர்கள், ஒரே ஆளே காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும்.

நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பிள்ளையை நேருக்கு நேர் புகழ்வது நம் வீடுகளில் வழக்கமே இல்லை. கண்ணு படும் என்பார்கள். என் அம்மாச்சி என்னை ஒரு நாளும் நல்ல பிள்ளை என்று என்னிடம் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வார், அதை நான் ஒளிந்து நின்று கேட்பேன். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. நேரே கேட்ட ‘வெரி குட்’ எதுவும் எனக்கு ஞாபகமில்லை. ஒளிந்து கேட்டது அப்படியே இருக்கிறது.

அப்படித்தான் சீட்டு வந்தது. பழைய வினாத்தாளின் பின்பக்கத்தைக் கிழித்து, இரண்டு வரி எழுதி, நோட்டுத் திருத்தும்போது உள்ளே வைத்துவிடுவேன். ‘நேற்று குழாயடியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வழி விட்டாய். பார்த்தேன்.’ ‘திட்ட வந்த வார்த்தையைப் பாதியில் நிறுத்தினாய். பார்த்தேன்.’ அவ்வளவுதான். நல்லவன், கெட்டிக்காரன், சமர்த்து எதுவும் கிடையாது. என்ன செய்தான் என்பது மட்டும், கடைசியில் ‘பார்த்தேன்’. கரோல் டுவெக்கும் கிளாடியா முல்லரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், “நீ கெட்டிக்காரன்” என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து வந்த கஷ்டமான புதிர்களில் தோற்றதும் துவண்டார்கள். “நன்றாக உழைத்தாய்” என்று கேட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். அது படிப்பைப் பற்றியது. நடத்தைக்கும் அதுவே பொருந்தும் என்பது என் அனுபவம். ‘நல்ல பையன்’ என்ற பட்டத்தைக் கட்டிக் காப்பது கஷ்டம், ஒரு நாள் கவிழ்த்தால் போச்சு. வழி விட்டதை நாளைக்கும் செய்யலாம்.

சீட்டைப் பற்றி யாரும் என்னிடம் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. ஒருவன் மட்டும் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, “இன்னைக்கு இல்லையா டீச்சர்?” என்று காதோரமாகக் கேட்டான்.

வகுப்பு விதிகளையும் மாற்ற வேண்டியிருந்தது. சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தவை: பேசாதே. ஓடாதே. அடிக்காதே. கிறுக்காதே. குப்பை போடாதே. இலக்கணம் நடத்துகிறவள் நான், இத்தனை வருடம் இது கண்ணில் படவில்லை. அத்தனையும் எதிர்மறை ஏவல். ‘ஓடாதே’ என்றால் சரி, என்ன செய்வது? பிள்ளைகளையே உட்கார வைத்து, ஆதே என்று முடியாமல் விதி எழுதுங்கள் என்றேன். இலக்கண வகுப்பும் ஆச்சு. ஒரு மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டு நான்கு விதி எழுதினார்கள். எனக்குப் பிடித்தது: ‘ஒருத்தர் சொல்லி முடிச்ச பிறகு நாம சொல்வோம்.’ எழுத்து வழக்கில் திருத்தலாமா என்று யோசித்து, அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் விதியை எழுதி ஒட்டினால் மட்டும் ஒன்றும் நடக்காது. மேட்சன், பெக்கர் குழுவே அதே 1968-இல் இன்னொரு ஆய்வில் அதைக் காட்டிவிட்டது. விதி மட்டும் இருந்தபோது பெரிதாக எதுவும் மாறவில்லை. சின்னச் சேட்டையைக் கண்டுகொள்ளாமல் விட்டு, நல்லதைக் கவனித்துச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் மாறியது.

குழாயடி என்றேன் இல்லையா, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் நடக்கும் சண்டைகளில் பாதி அங்கேதான். சத்துணவு முடிந்ததும் தொண்ணூறு தட்டு, மூன்று குழாய். மூன்றில் ஒன்று திருகினால் சுற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் வராது. பெரிய பையன்கள் தள்ளிக்கொண்டு முதலில் கழுவுவார்கள், சின்னதுகள் தட்டோடு நிற்கும், யாராவது தண்ணீரை உதறுவார்கள், அது யார் சட்டையிலோ படும். தினமும் ஒரு பஞ்சாயத்து. இரண்டு வருடம் ‘வரிசையில் நில்லுங்கள்’ என்று கத்தியிருக்கிறேன். ஒரு நாள் நானே தட்டோடு போய் நின்றேன். அங்கே வரிசை நிற்க இடமே இல்லை. ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் வேப்பமரத்து வேர். வரிசை எங்கே தொடங்குவது என்றே தெரியாது. சுண்ணாம்பு கரைத்துத் தரையில் கோடு போட்டோம். மிச்சச் சோற்றைத் தட்ட ஒரு வாளி, முதல் அலசலுக்கு ஒரு அண்டா, கடைசி அலசலுக்குக் குழாய். எப்படி நிற்பது, எங்கே திரும்புவது என்று ஒரு பாடவேளை முழுக்கத் தட்டில்லாமல் நடந்து பழகினோம். சுற்றும் குழாய்க்கு வாஷர் மாற்றப் பதினைந்து ரூபாய் ஆனது. சண்டை அடியோடு நிற்கவில்லை, ஆனால் பஞ்சாயத்து வாரம் ஒன்று என்று குறைந்தது. பிள்ளைகளின் குணத்தைப் பற்றி நான் இரண்டு வருடம் யோசித்த யோசனையெல்லாம் ஒரு வாஷரில் போயிற்று.

வழக்கமாக மூன்றாம் பாடவேளையில் வரும் சேட்டையும் அந்த ரகம்தான், காரணம் குணத்தில் இல்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கி வைத்தார்கள். நல்ல திட்டம், கண்கூடாகப் பார்க்கிறேன். ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். எங்களைப் போல ஒன்று முதல் எட்டு வரை ஒரே வளாகத்தில் இருக்கும் பள்ளியில் என்ன ஆகிறது? ஐந்தாம் வகுப்பு வரை ரவா உப்புமாவும் பொங்கலும் சாப்பிட்ட பிள்ளை, ஆறுக்கு வந்ததும் அதே வராண்டாவில் தம்பி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும். எங்கள் பக்கம் மல்லிகைத் தோட்டம் அதிகம். விடியுமுன்னே அம்மாவோடு பூப்பறிக்கப் போய்விட்டு, பூ மார்க்கெட்டுக்குப் போகும் வண்டியில் மூட்டையை ஏற்றிவிட்டு, குளித்தும் குளிக்காமலும் வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வயிற்றில் ஒரு டீ இருக்கும். பதினொரு மணிக்கு அவன் பெஞ்சைத் தட்டாமல் என்ன செய்வான்?

அப்படி ஒருத்தன் தினமும் பத்து, பதினைந்து நிமிடம் தாமதமாக வருவான். தினமும் வெளியே நிற்க வைத்து, அந்தப் பதினைந்தை முப்பது ஆக்கிக்கொண்டிருந்தேன். இப்போது வந்தால், “வாப்பா, உட்காரு, பக்கம் நாற்பத்தி ரெண்டு” என்பதோடு சரி. அவன் கையில் இன்னும் பூ வாசம் இருக்கும். மேசை டிராயரில் பொட்டுக்கடலையும் வெல்லமும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். வசவு எண்ணிய அதே டப்பாதான், வேறு டப்பா கிடைக்கவில்லை.

போன் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியிலிருந்து வீட்டுக்கு போன் போனால் இரண்டே காரணம்: பிள்ளை விழுந்துவிட்டது, இல்லையென்றால் யாரையோ விழ வைத்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மாட்டுக்காரப் பையனின் அம்மாவுக்கு போன் செய்தேன். நூறு நாள் வேலையில் இருந்தார்கள். பின்னால் மண்வெட்டிச் சத்தம். என் குரலைக் கேட்டதும், “என்ன பண்ணித் தொலைச்சான் டீச்சர்?”

“ஒன்னும் பண்ணலம்மா. நல்ல விஷயம் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

“யார் மண்டைய உடைச்சான்? சொல்லுங்க டீச்சர், மறைக்காதீங்க.”

“அய்யோ, இல்லம்மா. பக்கத்துல இருக்கிற பையனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. இந்த வாரம் பூரா இவன்தான் சொல்லிக் கொடுத்தான். நானா சொல்லல, அவனாவே.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு மண்வெட்டிச் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது, அவர் ஒதுங்கி வந்திருக்க வேண்டும். “டீச்சர், நெசமா எம் பையனத்தான் சொல்றீங்களா? அந்தப் பேர்ல எட்டாங்கிளாஸ்ல ஒருத்தன் இருக்கான்.”

அவனேதான் என்று இனிஷியலோடு சொன்ன பிறகுதான் நம்பினார். அதற்குப் பிறகு அவர் பேசியது என்னோடு இல்லை. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு யாரிடமோ, “ஏ மதினி, பள்ளிக்கூடத்துல இருந்து போன்” என்று ஆரம்பித்தார். நான் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தேன். திங்கட்கிழமை அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தலையில் எண்ணெய் தேய்த்து வகிடு எடுத்திருந்தான்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு போன். அதிக நேரம் எடுப்பதில்லை. கவனித்துப் பார்த்தால், போன் செய்ய வேண்டும் என்பதற்காகவே வாரம் முழுக்க நல்லது எதையாவது தேடிக்கொண்டிருக்கிறேன். அப்போதுதான் இன்னொன்று புரிந்தது. எந்தக் கட்டத்திலும் பெயர் வராத, எந்த டப்பாவிலும் கொட்டை விழாத பெண்கள் ஏழெட்டுப் பேர் நடு பெஞ்சுகளில் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் அப்பாவுக்கு போன் செய்ய எண்ணை எடுத்துவிட்டு, என்ன சொல்வது என்று தெரியாமல் கையில் போனோடு உட்கார்ந்திருந்தேன். அவளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம் அவளைத்தான் பார்த்தேன்.

2024-இல் அரசுப் பள்ளிகளுக்கு ‘மகிழ் முற்றம்’ வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாகப் பிள்ளைகளைப் பிரிப்பது. தமிழ் டீச்சருக்குப் பொங்கல் வைத்த மாதிரி. பாலையில் விழுந்தவர்கள் மட்டும், “அது பாலைவனம்தானே டீச்சர், வேற மாத்துங்க” என்று அழுதார்கள். ஐந்திணையில் பாலையின் பெருமையை அரை மணி நேரம் சொல்லியும் எடுபடவில்லை. குழுவாக நல்ல பெயர் வாங்குவது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஒருவனால் புள்ளி குறைந்தால் அந்தக் குழு அவனைப் படுத்துகிற பாட்டையும் பார்த்திருக்கிறேன். அதனால் புள்ளியைக் கூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன், குறைப்பதில்லை.

எல்லாம் எல்லோரிடமும் பலித்தது என்று எழுதினால் பொய். எட்டாம் வகுப்பில் ஒருவன் காம்பஸால் இன்னொருவன் கையில் குத்தினான். அவனுக்கும் நான் சீட்டு வைத்திருக்கிறேன், நான்கோ ஐந்தோ. அதைச் சொல்லிக் கேட்டபோது, “அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர்” என்றான். குத்தியதைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது. இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் உட்கார வைத்துப் பேசினோம், காயம் ஆறும் வரை குத்துப்பட்டவனுக்கு அவன்தான் நோட்டு எழுதிக் கொடுத்தான். முறைத்துக்கொண்டேதான் எழுதினான். வருடக் கடைசி வரை அவனோடு எனக்கு ஒட்டவில்லை. மூத்த ஆசிரியர், “நான் சொன்னேன்ல” என்பது போல் பார்த்தார். அவர் பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை.

வலது மூலைக் கட்டத்தை அழித்துவிட்டேன். இரண்டு நாள் வகுப்பில் ஒரே குழப்பம், லீடருக்கு வேலை போய்விட்டது. அப்புறம் அந்த இடத்தில் அவனே தேதியும் கிழமையும் எழுத ஆரம்பித்தான். ஒரு நாள் நான் எச்.எம். அறைக்குப் போய்த் திரும்பியபோது பழைய கட்டம் மறுபடி இருந்தது. உள்ளே ஒரே ஒரு பெயர்: ‘தமிழ் டீச்சர்’, பக்கத்தில் ‘மி.மி.அ.’ யார் எழுதியது என்று நான் விசாரிக்கவில்லை. கையெழுத்து எனக்குத் தெரியும்.

மாட்டுக்காரன் எட்டு முடித்துப் போனான். ஒன்பதாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளியில் சேர டி.சி. வாங்க வந்தபோது அலுவலக அறையில் நான்தான் இருந்தேன். டி.சி.யில் நடத்தைக்கு ஒரு கட்டம் உண்டு. எல்லோருக்கும் ‘நன்று’தான் எழுதுவது வழக்கம். அவனுக்கு இன்னும் ஏதாவது சேர்த்து எழுதலாமா என்று எச்.எம்.மிடம் கேட்டேன். “அதுல அவ்வளவுதான் டீச்சர் இடம் இருக்கு” என்றார்.

அவன் தாளை வாங்கி, பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து அந்தக் கட்டத்தில் நின்றான்.

“டீச்சர், இது எல்லாருக்கும் இதேதான் போடுவீங்களா?”

“ஆமாப்பா, எல்லாருக்கும் இதேதான்.”

“அப்ப சரி” என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.